நாயோ, பிக்குவோ

கபாலத்தைக் காணோம். உள்ளே சுட்ட இறைச்சி இருந்தது. ஆகவே அதை எடுத்தது ஒரு நாயாக இருக்க வேண்டும். நாய் இல்லையென்றால் ஒரு புத்த பிக்குவாக இருக்க வேண்டும்.

காஞ்சிபுரத்துத் தெருவில், நிற்கக்கூட முடியாத போதையில், ஒரு காபாலிகன் துப்பறிந்து சொல்லும் முடிவு இது. அவனைச் சொல்ல வைத்தவர் அந்தக் காஞ்சிக்கே அரசர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவர் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ ஒரே அங்கம் கொண்ட நகைச்சுவை நாடகம். ‘மத்தவிலாசன்’ என்பது அவருடைய பட்டப்பெயர்களுள் ஒன்று. குடிகாரர்கள் கூத்துக்குத் தன் பெயரையே தலைப்பாக வைக்க எத்தனை அரசர்களுக்கு மனம் வரும் என்று தெரியவில்லை. நாடகம் நெடுங்காலம் ஏட்டில் கிடந்து, 1917-ல் த. கணபதி சாஸ்திரியின் பதிப்பாகத் திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் அச்சேறியது. மயிலை சீனி. வேங்கடசாமி அதைத் தமிழில் தந்திருக்கிறார்.

சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட்டில் எங்களுக்கு ஒரு சின்னக் கூட்டம் உண்டு. ஜூரோங் வட்டார நூலகத்தில் புத்தகம் எடுப்பது, யூஹுவா உணவங்காடியில் தே சி என்னும் பால் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு அதைப் பற்றிச் சண்டை போடுவது, அவ்வளவுதான் திட்டம். கப்பல் பட்டறையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். நெற்றியில் நீறில்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. அவருக்கு எதிர் நாற்காலி, பெரியாரை வரிக்கு வரி படித்த அண்ணன் ஒருவருக்கு எழுதிவைத்ததுபோல. இந்த இரண்டு பேரையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு மத்தவிலாசம் படித்ததில்தான் அதன் நயம் முழுதாக எனக்குப் பிடிபட்டது. ஒரு கொள்கையைக் கேலி செய்யும் எழுத்தின் தரத்தை அறிய, அந்தக் கொள்கையில் பற்றுள்ளவர் எந்த இடத்தில் சிரிக்கிறார் என்று பார்த்தால் போதும்.

முதலில் காபாலிகர்களைப் பற்றி. மண்டை ஓட்டில் பிச்சை வாங்குவது, சுடலைச் சாம்பல் பூசுவது, மதுவும் இறைச்சியும் பெண்ணும் வழிபாட்டின் அங்கம் என்பது, இவையெல்லாம் அவர்கள் நெறி. பைரவர் பிரமன் தலையைக் கையில் ஏந்தித் திரிந்த கதையே அவர்கள் விரதத்துக்கு ஆதாரம். அந்தக் காலத்திலேயே சர்ச்சைக்குரிய கூட்டம். சாதாரணமாக ஒருவர் இவர்களைக் கேலி செய்ய உட்கார்ந்தால் என்ன செய்வார்? குடிகாரன், பொம்பளைப் பொறுக்கி, வேஷக்காரன் என்று ஏசுவார். மகேந்திரவர்மர் ஏசவே இல்லை. அவர்கள் தத்துவத்தை ஒரு மயிரிழைகூடத் திரிக்காமல் வாங்கி, நாயகன் சத்தியசோமன் கையில் கொடுத்து, தெருவில் நடக்க விடுகிறார்.

நடந்ததும் என்ன ஆகிறது பாருங்கள். துணைவி பெயர் தேவசோமா. போதையில் அவளை ‘சோமதேவா’ என்று கூப்பிட்டுவிடுகிறான். அவளுக்கு உடனே சந்தேகம், யார் அந்த இன்னொருத்தி என்று. இவன் பதறிப்போய், எல்லாம் இந்தப் பாழும் குடியால் வந்தது, இன்றோடு குடியை விட்டேன் என்று சத்தியம் செய்யப் போகிறான். வேறு எந்த வீட்டிலும் மனைவி இதைக் கேட்டுக் குளிர்ந்திருப்பாள். தேவசோமா அவன் காலில் விழுகிறாள். என் பொருட்டு உங்கள் தவத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சுகிறாள்!

யூஹுவாவில் இந்த இடம் வந்தபோது பெரியவருக்குப் புரையேறிவிட்டது. “தம்பி, அந்தப் பொண்ணு சொல்றதுல தப்பே இல்லப்பா. குடிக்கிறது விரதம்னா, குடிய விடுறது விரத பங்கம்தானே?” என்றார். அதேதான். அவள் பக்கம் நியாயம் பிசகவே இல்லை. பிசகாத நியாயம்தான் சிரிப்பு மூட்டுகிறது.

கள்ளுக்கடை வாசலை அடைந்ததும் சத்தியசோமனுக்கு அது வேள்விச்சாலையாகத் தெரிகிறது. கடை அடையாளக் கம்பம் யூபத்தம்பம், மது சோமபானம், குடிப்பவர்கள் வேள்வி செய்யும் அந்தணர்கள், கிண்ணங்கள் சோமம் வார்க்கும் பாத்திரங்கள், வறுத்த இறைச்சி அவிர்ப்பாகம், தாகம் அக்கினி, கடைக்காரர் எஜமானர். இந்த உருவகத்தில் ஒரு பொருத்தம்கூடத் தவறவில்லை. காபாலிகனைக் கேலி செய்யக் கிளம்பிய அரசர் போகிற போக்கில் வேள்வியையும் தொட்டுவிட்டார். யாரை யார் கிண்டல் செய்கிறார் என்று ஒரு கணம் குழம்பும். அந்தக் குழப்பத்தை அவர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார் என்பது என் கட்சி.

பிச்சையாக மது வருகிறது. ஏந்தக் கபாலத்தைத் தேடினால் காணோம். என்ன செய்வது? மாட்டுக் கொம்பில் வாங்கிக்கொள்கிறான். சாத்திரத்தில் இடம் உண்டாம், ஆபத்து தர்மம். உயிர் போகும் நெருக்கடியில் விதியைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று பெரியோர் வகுத்த சலுகையை, ஒரு வாய் மதுவுக்காக எடுத்து நீட்டும் லாகவம் எவருக்கும் கைவராது. விதிக்கு இல்லாத அவசரம் சிலருக்கு விதிவிலக்குக்கு உண்டு. அவர்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

சமணர்களையும் விடவில்லை. காரணமும் காரியமும் ஒத்த தன்மையுடையவை என்பார்கள்; அப்படியானால் முக்தி என்ற பேரின்பம் தலைமயிரைப் பிடுங்கிக்கொள்ளும் துன்பத்திலிருந்து எப்படி வரும் என்று கேட்கிறான். கேள்வி குடிகாரன் வாயிலிருந்து வந்தாலும் தர்க்கம் கெட்டி. அப்புறம்தான் வேடிக்கை: அவர்களைப் பற்றிப் பேசியதால் நாக்கு தீட்டாகிவிட்டது, அதை மதுவால் கொப்பளிக்க வேண்டும் என்கிறான். இந்த அரசர் முதலில் சமணராக இருந்து திருநாவுக்கரசரால் சைவரானவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. வேறு வழியிலிருந்து திரும்பி லிங்க வழிபாட்டுக்கு வந்ததைத் திருச்சி மலைக்குகைக் கல்வெட்டிலும் குறிப்பாகச் சொல்கிறார். பழைய வீட்டின் மூலை முடுக்கு தெரிந்தவர் அடிக்கும் கிண்டல், அதனால்தான் குறி தப்பவில்லை.

என்றாலும் நாடகத்தின் மணி மகுடம் பிக்குவின் வருகை. பெயர் நாகசேனன். மிலிந்த அரசனை வாதத்தில் மடக்கிய மாபெரும் பௌத்த அறிஞரின் பெயரும் அதுதான். தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. தனதாசன் என்ற வணிகர் வீட்டில் மீனும் இறைச்சியுமாக நல்ல விருந்து முடித்துக்கொண்டு, திருவோட்டை ஆடைக்குள் மறைத்து ராஜவிகாரத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார். நடக்கும்போதே யோசனை. புத்த பகவான்தான் நமக்கு எவ்வளவு நல்லது செய்திருக்கிறார்! குடியிருக்க மாளிகை, படுக்கக் கட்டில், முற்பகலில் சாப்பாடு, பிற்பகலில் பானகம், வாசனைத் தாம்பூலம், மெல்லிய ஆடை, எல்லாம் அனுமதித்தார். இவ்வளவு யோசித்தவர் பெண்ணையும் மதுவையும் மட்டும் ஏன் மறந்தார்? எல்லாம் அறிந்தவருக்கு மறதி வருமா? வராது. அப்படியானால் அவர் சொல்லித்தான் இருப்பார். சக்தியற்ற கிழட்டுத் தேரர்கள் இளைஞர்கள் மேல் உள்ள பொறாமையில் அந்தப் பகுதியை நூலிலிருந்து நீக்கியிருப்பார்கள். சிதையாத மூலபாடம் எங்காவது கிடைத்தால், அதை வெளியிட்டுச் சங்கத்துக்குப் பெரிய உபகாரம் செய்துவிடலாம்.

இதை எத்தனை தரம் படித்தாலும் சலிப்பதில்லை. பிக்குவின் யோசனையில் பக்திக்குக் குறையே இல்லை. புத்தர் முற்றறிவு பெற்றவர் என்ற நம்பிக்கையில் அவர் இம்மியும் அசையவில்லை. அந்த நம்பிக்கையே அவரை மூலபாடத்தைத் தேட வைக்கிறது. ஏட்டுச்சுவடி தேடி அலைந்த நம் பதிப்பாசிரியர்கள் பாட பேதம் என்று சொன்னது எவ்வளவு புனிதமான காரியம். இவர் கையில் அது எவ்வளவு சௌகரியமான காரியம்! குரு சொன்னது வேறு, பின்னால் வந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லாத சீடர் குழு உலகத்தில் உண்டா? தத்துவம் தனக்குப் பிடித்த இடத்துக்கு வராதபோது பிரதியைச் சந்தேகிப்பது, அன்றைய காஞ்சியில் தொடங்கிய பழக்கமும் இல்லை, அங்கே முடிந்ததும் இல்லை.

சிங்கப்பூரில் மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் பௌத்தர்கள். 2020 கணக்கெடுப்பில் 31.1 விழுக்காடு. அவர்களுள் ஒருவர் என்னோடு வேலை செய்யும் சீன நண்பர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை சைவ உணவு தவறாதவர். கொஞ்சம் தயக்கத்தோடுதான் மதிய உணவு நேரத்தில் இந்த மூலபாடக் கதையைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இப்படிப்பட்டவர் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றார். பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிக்குவும் காபாலிகனும் மோதும் இடம் வருகிறது. ஆடைக்குள் என்ன ஒளித்திருக்கிறாய், என் கபாலம்தானே என்கிறான் இவன். களவுக் குற்றச்சாட்டுக்குப் பதிலாக அவர் திருடாமை, பொய்யாமை என்று பஞ்சசீலத்தை ஒப்பிக்கிறார். விதியை ஒப்பிப்பதே விதியைக் கடைப்பிடித்ததற்குச் சாட்சி! சத்தியசோமன் விடுவானா? கண்ணெதிரே இருக்கும் மண்ணையும் மலையையும் கடலையும் இல்லையென்று மறைக்கிற தத்துவக்காரருக்கு ஒரு சின்னக் கபாலத்தை மறைக்கவா தெரியாது என்கிறான். உலகம் தோற்றமே என்று நூல் நூலாக எழுதப்பட்ட வாதத்தைத் தெருச் சண்டையில் ஒரு திருட்டு வழக்குக்குத் தடயமாக வைத்த இந்த ஓர் இடத்துக்காகவே மகேந்திரவர்மருக்கு இன்னொரு பட்டம் கொடுத்திருக்கலாம். அடுத்து, திருட்டுக்கே சாத்திரம் செய்த ஆசிரியர் ஒருவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, இல்லை இல்லை, அவரையும் விஞ்சியவர் புத்தர்தான், வேதாந்தத்திலிருந்தும் பாரதத்திலிருந்தும் கருத்துகளை எடுத்துக்கொண்டவர் ஆயிற்றே என்று ஒரு போடு.

கைகலப்பில் தேவசோமா பிக்குவின் தலைமுடியைப் பிடித்து இழுக்கப் பாய்கிறாள். மழித்த தலை, பிடி கிடைக்காமல் விழுகிறாள். தலையை மழிக்கச் சொன்ன பகவானின் முன்யோசனையே முன்யோசனை என்று பிக்கு மனசுக்குள் மெச்சிக்கொள்கிறார். துறவின் அடையாளத்துக்கு இப்படியொரு பயன் இருப்பது எந்த உரையிலும் கிடையாது. பிறகு இரக்கப்பட்டு அவள் கையைப் பிடித்துத் தூக்குகிறார். உடனே சத்தியசோமன் ஊரைக் கூட்டுகிறான்: பாருங்கள், என் துணைவியின் கரம் பற்றுகிறார், பாணிக்கிரகணம் செய்கிறார்! பிக்கு பதறி, விழுந்தவர்க்கு இரங்குவது எங்கள் தர்மம் என்கிறார். முதலில் விழுந்தவன் நான் ஆயிற்றே, எனக்கு ஏன் இரங்கவில்லை என்பது இவன் வழக்கு. கருணை எல்லா உயிருக்கும் பொது என்ற கோட்பாட்டை இதைவிடக் கூர்மையாக யாரும் சோதித்ததில்லை.

நடுவர் ஒருவர் வருகிறார், பாசுபதர் பப்ருகல்பர்.  வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற பேச்சு எழும்போது தேவசோமா சொல்லும் பதிலில்தான் அரசரின் துணிச்சல் தெரிகிறது. பிக்குவுக்கோ பல விகாரங்களின் வருமானம் உண்டு, அதிகாரிகள் வாயை நிரப்பிவிடுவார், நம்மிடம் சாம்பலைத் தவிர என்ன இருக்கிறது என்கிறாள். காஞ்சியின் நீதிமன்றம் யாருடையது? நாடகம் எழுதியவருடையது.

கபாலம் கடைசியில் நாயிடம் இருந்துதான் கிடைக்கிறது. ஒரு பைத்தியக்காரன் பறித்துக்கொண்டு வருகிறான். ஆக, காபாலிகனின் முதல் அனுமானத்தில் பாதி சரி. பிக்குவும் அவனும் சமாதானமாகிப் பிரிகிறார்கள். இந்தப் பகுதியில் வேகம் கொஞ்சம் தளர்கிறது என்று எனக்குப் படும். பைத்தியம் பேசும் பேச்சு மேடையில் எடுபடலாம், படிக்கையில் நீளம்.

அண்ணனுக்கு ஒரு குறை. “எல்லாரையும் கிண்டல் பண்றாருன்னு சொல்றீங்க. ஆனா பிக்குவுக்குத்தான் அடி அதிகம். ராஜா சைவம் மாறினவரு. அரசியல் இல்லாமலா இருக்கும்?” ஆய்வாளர்களுக்குள்ளும் இந்தச் சண்டை உண்டு. பெரியவர் அசரவில்லை. “குடிச்சிட்டு ரோட்ல உருள்றது யாருப்பா? உன் பிக்குவா, எங்க ஆளா?” சொந்தக் கட்சிக்காரனை விட்டுக்கொடுத்து வாதத்தை ஜெயிப்பதில் அவருக்கு இருந்த பெருமிதத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாக் கேலிக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. கி.மு. 423-ல் அரிஸ்டோஃபனீஸ் ‘மேகங்கள்’ நாடகத்தில் சாக்ரடீஸைக் கூடையில் தொங்கவிட்டுக் காட்டினார். பார்க்க வந்திருந்த சாக்ரடீஸ் கூட்டத்தில் எழுந்து நின்று, இதோ அசல் ஆள் என்று முகம் காட்டினார் என்று பிற்காலத்தில் ஒரு கதை உண்டு. சீடர் பிளேட்டோவுக்கு அது சிரிக்கும் விஷயமாகப் படவில்லை. குருவின் மேல் ஊருக்கு வெறுப்பு வளர அந்த நாடகமும் காரணம் என்று அவர் வாயாலேயே வழக்கு மன்றத்தில் சொல்ல வைத்தார். சாக்ரடீஸ் சொல்லாததை எல்லாம் அரிஸ்டோஃபனீஸ் அவர் தலையில் கட்டினார். மகேந்திரவர்மர் யார் தலையிலும் எதையும் கட்டவில்லை. இரண்டு கேலிக்கும் உள்ள தூரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரிலும் ஒரு கொள்கை உண்டு: எது வேலைக்கு ஆகுமோ அதுவே சரி. சதுப்பு நிலமாகக் கிடந்த ஜூரோங்கில் 1961-ல் தொழிற்பேட்டை அமைக்கத் தொடங்கியபோது, ‘கோவின் மடத்தனம்’ என்று ஊர் கேலி பேசியது. நிதியமைச்சர் கோ கெங் சுவீயே அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்ததுண்டு. 1968-ல் ஜூரோங் நகராண்மைக் கழகம் வந்தது. தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் வரிசை வரிசையாக ஒரே அளவில் எழுந்தன. அந்த ஒரே அளவுக்கும் ஒரு சத்தியசோமன் கிடைத்தான். நான்கு ஆண்டுக்கு மேல் விசாரணையின்றிக் காவலில் இருந்து 1980-ல் வெளிவந்த குவோ பாவ் குன் எழுதி, 1985-ல் மேடையேறிய ‘குழிக்குப் பெரிய சவப்பெட்டி’ என்ற தனிநடிப்பு நாடகத்தில், தாத்தாவின் பழைய பெரிய பெட்டி அரசு வெட்டிய குழிக்குள் இறங்க மறுக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு குழி என்பதைத் தாண்டி வர அதிகாரியால் எளிதில் முடியவில்லை. அதிகாரி கெட்டவர் இல்லை, அதுதான் நகைச்சுவை. திட்டத்தை அவர் மனதார நம்புகிறார். பிற்பாடு அதே அரசு குவோவுக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கியது. நம்புகிறவர்களே மாலை போடுவது என்றால் இதுதான்.

மத்தவிலாசத்துக்குக் கிடைத்த மாலை இன்னும் விசித்திரம். கேரளத்துச் சாக்கியார் கலைஞர்கள் இந்த நாடகத்தைக் கூடியாட்டமாகக் காத்துவைத்தார்கள். 2001-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் அருங்கலையாக அறிவித்ததே, அந்தக் கூடியாட்டம். வட கேரளக் கோயில்களில் மத்தவிலாசம் ஆடுவது பொழுதுபோக்கு இல்லை, வழிபாடு. பிள்ளை வரம் வேண்டி நேர்ந்துகொண்டு ஆடச் செய்கிறார்கள். குடித்துவிட்டுத் துணைவி பெயரை மாற்றிக் கூப்பிட்ட அந்தக் காபாலிகன் அங்கே சிவனாகவே கும்பிடப்படுகிறான். அரசர் கேலி செய்ய எடுத்த வேடத்தைப் பக்தர்கள் அப்படியே தூக்கிக் கருவறைப் பக்கம் வைத்துவிட்டார்கள். காபாலிகர்கள் கூண்டோடு மறைந்து பல நூற்றாண்டு ஆகிறது. அவர்களுள் ஒருவனையாவது இன்றும் மேடையில் நிறுத்தி வைத்திருப்பது அவர்களைக் கிண்டல் செய்த நாடகம்தான்.

இதைச் சொன்னபோது பெரியவருக்கு ஒரே உற்சாகம். சமூக மன்றத்தில் நாமே போடலாம் என்றார். அண்ணன் யதார்த்தவாதி: உரிமம் வாங்கணும், இந்த ஊரில் மத நல்லிணக்கத்துக்குச் சட்டமே இருக்கு, 1990-லயே நிறைவேத்தினது, ஒரே நாடகத்தில் இத்தனை மதத்தைத் தொட்டா விண்ணப்பத்துல என்னன்னு எழுதுவீங்க என்று கேட்டார். பெரியவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சத்தியசோமன் வேடம் தனக்குத்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். பிக்கு வேடத்துக்கு அண்ணன். தலையில் ஏற்கெனவே முடி குறைவு.

“ஐயா, நீங்க சொட்டு மது தொட மாட்டீங்களே. அந்தக் கொம்பு காட்சிய என்ன செய்வீங்க?” என்றேன்.

“தே ஓ ஊத்திக்கலாம்.”

“சீனி?” என்றார் அண்ணன். பெரியவருக்கு நீரிழிவு.

“மேடையில மட்டும் போட்டுக்கலாம்ப்பா. ஆபத்து தர்மம்.”